கல்லாப்பெட்டிக்கு எதிரே ஓவியம்

கொல்கத்தாவில் சில ஆண்டுகளாக ஒரு பழக்கம் வேர்பிடித்து வருகிறது. ஒரு வட்டாரத்தைத் தேர்ந்துகொண்டு, அங்குள்ள கடைகளிலும் பட்டறைகளிலும் பழைய வீட்டுத் தாழ்வாரங்களிலும் உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளை வைக்கிறார்கள். மக்கள் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நடந்தே போய்ப் பார்க்கிறார்கள். வடக்கே சித்பூரில் ஹம்தஸ்தி என்ற கலைஞர் குழு 'சித்பூர் லோக்கல்' என்ற பெயரில் இப்படியொரு வேலையைச் செய்தது. தெற்கே பேஹாலாவில் துர்கா பூஜைக் குழு ஒன்று முன்னின்று தெருக்களையே காட்சிக்கூடமாக்கும் விழா நடத்திவருகிறது. 2024 இறுதியில் சாந்திநிகேதனிலும் கொல்கத்தாவிலும் நடந்த வங்காள பியென்னாலே என்ற ஈராண்டுக் கலைவிழாகூட ஒரே கட்டடத்துக்குள் அடங்கவில்லை. அதைப் பார்க்க நினைத்தவர் ஊரைச் சுற்றியே ஆகவேண்டியிருந்தது. 'மரபு நடை' என்ற சொல் நமக்குப் பழகிவிட்டதால், அதையொட்டி இவற்றையெல்லாம் 'கலை உலா' என்று அழைத்துக்கொள்கிறேன். கலை உலாவைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் பாராட்டுகிறார்கள்: காட்சிக்கூடத்தில் அடைபட்டிருந்த கலையை இது மக்களிடம் கொண்டு சேர்க்கிறது என்று. இந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. கொல்கத்தாவில் கலை கடைத்தெருவில்தான் பிறந்தது. காட்சிக்கூடம் பின்னால் வந்து அதை உள்ளே அழைத்துப் போனது. ஆகவே கடைக்குள் படம் மாட்டுவது யாரும் யாருக்கும் செய்யும் தயவு அல்ல. இன்னொன்றும் சொல்கிறேன், இதுவே இன்றைய என் வாதம்: இந்த உலாக்களில் பலவற்றில் குறைவது ஒன்றுதான், விலை. படத்தை மாட்டுகிறோம், விளக்கம் எழுதுகிறோம், எவ்வளவு என்று மட்டும் எழுத மாட்டோம் என்கிறோம். விலை இல்லாத கலை உலா ஊர்வலமாக இருக்கலாம், வட்டாரத்தின் கலை வாழ்க்கையாக ஆகாது.

கலை கடைத்தெருவில் பிறந்தது என்றேனே, அதற்குச் சாட்சி காளிகாட். லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழர்களுக்கு அது நடந்து போகும் தூரம். அங்கே இப்போதுள்ள காளி கோயில் 1809இல் எழுந்தது. யாத்ரிகர் கூட்டம் பெருகப் பெருக, மிதுனாப்பூரிலிருந்தும் இருபத்து நான்கு பர்கனாக்களிலிருந்தும் பட்டுவா ஓவியர்கள் வந்து கோயிலைச் சுற்றிக் கடை போட்டார்கள். ஊரில் அவர்களுடைய தொழில் வேறு. நீளமான சுருள்படம் எழுதி, வீடு வீடாகப் போய் அதை விரித்துப் பாட்டாகக் கதை சொல்லிக் கூலி வாங்குவது. நகரத்தில் அது செல்லுபடியாகவில்லை. தரிசனம் முடிந்து ஊருக்குத் திரும்ப அவசரப்படும் யாத்ரிகருக்குச் சுருளும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். மடித்து மூட்டையில் வைக்க ஒரு படம் போதும். எனவே பட்டுவாக்கள் மலிவான ஆலைக் காகிதத்தில், நீர்வண்ணத்தில், ஒரு தாளுக்கு ஒரு படம் என்று எழுதத் தொடங்கினார்கள். குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒருவர் கோடிழுக்க, இன்னொருவர் உடலுக்கு வண்ணம் தீட்ட, மற்றொருவர் துணிமடிப்பைப் போட்டார். பின்னணி எழுத நேரமில்லாததால் பின்னணியே இல்லாமல் போனது. தோளிலிருந்து முழங்கை வரை ஒரே இழுப்பில் இறங்கும் அந்தத் தடித்த கோடு, பிற்கால நவீன ஓவியர்கள் வியந்து பார்த்த கோடு, பிறந்த கதை இதுதான். அழகியல் கொள்கை எதுவும் அதைப் பெற்றெடுக்கவில்லை. பைசாவுக்கு ஒன்று, இரண்டு பைசாவுக்கு ஒன்று என்று விற்றாக வேண்டிய நெருக்கடிதான் பெற்றெடுத்தது.

விலை படத்தின் வடிவத்தை மட்டும் மாற்றவில்லை, பொருளையும் மாற்றியது. முதலில் காளி, துர்க்கை, சிவன். பிறகு வாங்குகிறவர்கள் எதைக் கண்டு சிரிக்கிறார்கள், எதைக் கண்டு கோபப்படுகிறார்கள் என்பது கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியவந்தது. சென்ட் பூசிய நகரத்துக் கனவான் 'பாபு' வந்தார், அவரைக் காலால் உதைக்கும் பெண் வந்தாள், நெற்றியில் நாமத்தோடு வாயில் இறாலைக் கவ்விய பூனை வந்தது. 1873இல் தாரகேஸ்வர் கோயில் தலைவரான மகந்துக்கும் ஏலோகேஷி என்ற இளம்பெண்ணுக்கும் தொடர்பு என்ற செய்தி பரவி, அவள் கணவன் நபீன் அவளை வெட்டிக் கொன்றபோது, வழக்கு நீதிமன்றத்தில் நடக்க நடக்கக் காளிகாட்டில் அது படமாக விற்றது. சந்திப்பு, கொலை, சிறையில் செக்கிழுக்கும் மகந்து என்று தொடராக. இன்றைய கலை உலாக்களில் 'சமூகத்தோடு உரையாடல்' என்று விளக்க அட்டையில் எழுதுகிறார்களே, அந்த உரையாடல் அங்கே விளக்க அட்டை இல்லாமலே நடந்தது. வாங்கினால் பிடித்திருக்கிறது என்று பொருள், வாங்காவிட்டால் நாளைக்கு வேறு படம். ஓவியருக்கும் வட்டாரத்துக்கும் இடையே இதைவிடக் கறாரான விமரிசனம் வேறு எதுவும் இருந்ததில்லை.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். அந்த மலிவுச் சந்தைதானே கடைசியில் காளிகாட் ஓவியத்தைக் கொன்றது? கலையைக் கடைக்காரரிடம் விட்டால் இதுதானே கதி? ஆட்சேபம் வலுவானது, ஏனென்றால் பாதி உண்மை. சித்பூரை ஒட்டிய பட்டதலாவின் மரக்கட்டை அச்சுகள் முதலில் போட்டியாக வந்தன. 1878இல் அரசுக் கலைப்பள்ளியில் படித்த அன்னதா பிரசாத் பாக்சியும் தோழர்களும் பௌபஜார் தெருவில் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவைத் தொடங்கிக் கல்லச்சில் தெய்வப் படங்களை அடித்தார்கள். பின்னர் ஜெர்மனியிலிருந்து பளபளக்கும் வண்ணப்படங்கள் கப்பலில் வந்து இறங்கின. கையால் எழுதிய படம் விலையில் அச்சோடு போட்டியிட முடியவில்லை. அரசுக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த முகுல் தே 1930களின் தொடக்கத்தில் காளிகாட் படங்களைப் பற்றி எழுதியபோது, அதை ஒரு மறைந்த கலையாகத்தான் எழுத முடிந்தது. ஆனால் இதில் குற்றவாளி யார் என்று நிதானமாகப் பாருங்கள். பட்டதலாவும் பௌபஜாரும் உள்ளூர்க் கடைகள்தான். அவை வந்த பிறகும் பட்டுவாக்கள் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். அச்சடித்த கோட்டின் மேல் கையால் வண்ணம் தீட்டியும் விற்றுப் பார்த்தார்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் போனது, வாங்குகிறவரின் முகத்தை ஒருநாளும் பார்த்திராத தொலைதூர ஆலையோடு மோதியபோது. மலிவு கொல்லவில்லை, தூரம் கொன்றது என்பேன். மலிவான இதே படங்களைத்தான் பம்பாயிலும் லாகூரிலும் கலைப்பள்ளியில் பணியாற்றிய லாக்வுட் கிப்ளிங் சேகரித்திருந்தார். மகன் ருட்யார்ட் கிப்ளிங் 1917இல் அவற்றை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பைசா கொடுத்து வாங்கிய பொருள் என்பதால் அவற்றை அங்கே யாரும் குறைத்து மதிப்பிடவில்லை.

கடைத்தெருவின் பாடத்தைப் படித்து அதையே தன் வாழ்க்கையாக்கிக் கொண்டவர் ஜாமினி ராய். கலைப்பள்ளியில் ஐரோப்பிய முறையில் பயின்று, உருவப்படம் எழுதிச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். 1920களில் அதை உதறிவிட்டுக் காளிகாட் கோட்டையும் கிராமத்துப் பட்டுவாக்களின் வண்ணத்தையும் எடுத்துக்கொண்டார் என்பது எல்லோரும் சொல்வது. குறைவாகச் சொல்லப்படுவது, அவர் அவர்களுடைய வியாபார முறையையும் எடுத்துக்கொண்டார் என்பது. பாக்பஜார் வீட்டையே கடைபோல் வைத்துக்கொண்டார், நடுத்தரக் குடும்பம் கொடுக்கக்கூடிய விலைக்கு விற்றார், நன்றாகப் போன படத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார், உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒரே படத்தை எத்தனை முறை எழுதுவது, இதுவும் கலையா என்று அன்றே முணுமுணுத்தார்கள். 1887இல் பிறந்து 1972இல் மறைந்த அவருடைய படைப்புகளை 1976இல் அரசு தேசியக் கலைச்செல்வம் என்று அறிவித்து, நாட்டை விட்டு வெளியே போகாமல் தடுத்தது. இன்று ஏலத்தில் அவை கோடிகளில் போகின்றன. முணுமுணுத்தவர்களின் வாரிசுகள்தான் ஏலத்தில் கை தூக்குகிறார்களோ என்னவோ. எப்படியாயினும், மலிவாக விற்பதும் திரும்ப எழுதுவதும் தரத்தைக் கெடுத்தே தீரும் என்ற விதிக்கு இந்த நகரத்தின் மிகப் பெரிய நவீன ஓவியரே எதிர்ச்சாட்சி.

காட்சிக்கூடம் என்று நாம் மரியாதையோடு சொல்லும் அமைப்பின் பூர்வீகத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். டெல்லியின் தூமிமல் காட்சியகம் கன்னாட் பிளேஸில் காகிதமும் எழுதுபொருளும் விற்ற கடையிலிருந்து வளர்ந்தது. பம்பாயின் கெமோல்டு 1940களில் படத்துக்குச் சட்டம் போடும் தொழிலாகத் தொடங்கி, சட்டத்துக்குள் இளம் ஓவியர்களின் படத்தை மாட்டிக் கடையில் வைத்து, 1963இல்தான் முறையான காட்சியகமானது. சென்னையில் கே. சி. எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966இல் சோழமண்டலத்தை எழுப்பியபோது, பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற காசுதான் அந்தக் கிராமத்தைத் தாங்கியது. கொல்கத்தாவில் 1993 முதல் இயங்கும் சீமா காட்சியகம், பெரிய பெயர்களின் படைப்புகளையும் எட்டக்கூடிய விலையில் தருவதற்கென்றே 'ஆர்ட் மேளா' நடத்துகிறது. விற்பனையைக் கண்டு கூச்சப்படுவது பின்னால் வந்த பழக்கம் என்பதற்கு இவ்வளவு போதும்.

அடுத்த ஆட்சேபம் கொல்கத்தாவுக்கே உரியது. உலகத்தின் மிகப் பெரிய கலை உலாவைத்தான் துர்கா பூஜை என்ற பெயரில் ஆண்டுதோறும் நடத்துகிறோமே, தனியாக இன்னொன்று எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி. பந்தல் பந்தலாக விடிய விடிய நடக்கும் கூட்டத்தை எந்தப் பியென்னாலேயும் கனவிலும் காணாது. 1985இல் ஒரு பெயின்ட் நிறுவனம் பூஜைக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியதிலிருந்து பந்தல்களுக்குள் போட்டியும் புதுமையும் கூடின. பகுல்பாகான் பூஜையில் மீரா முகர்ஜி, பிகாஷ் பட்டாச்சார்ஜி போன்ற பெரிய கலைஞர்களே சிலை வடித்தார்கள். பின்னர் சனாதன் திண்டா, பபதோஷ் சுதார் போன்றோர் பந்தலையே முழுப் படைப்பாக்கினார்கள். 2020 பெருந்தொற்றில் பேஹாலாவின் பரிஷா கிளப், குழந்தையைச் சுமந்து நடக்கும் புலம்பெயர் தொழிலாளித் தாயைத் துர்க்கையாக நிறுத்தியது. அதைவிடக் கூர்மையான சமகாலச் சிற்பம் அந்த ஆண்டு இந்தியாவில் வேறெங்கும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் கொல்கத்தா துர்கா பூஜையைச் சேர்த்தது. 2019ஆம் ஆண்டு பூஜையை வைத்துப் பிரிட்டிஷ் கவுன்சில் மேற்கொண்ட ஆய்வு, அதைச் சுற்றிய படைப்புத் தொழில்களின் மதிப்பை 32,377 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் அது 2.58 சதவீதம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டு ஒன்று கேட்கிறேன். இந்தப் பணத்தில் பார்வையாளர் கலைஞருக்குக் கொடுத்தது எவ்வளவு? பந்தலுக்கு நுழைவுச்சீட்டு இல்லை, இருக்கவும் கூடாது. செலவை ஏற்பது விளம்பரப் பலகையும், வட்டாரச் சந்தாவும், அரசு மானியமும். மாநில அரசு ஒவ்வொரு பூஜைக் குழுவுக்கும் 2018இல் 10,000 ரூபாய் கொடுத்தது, 2024இல் அது 85,000 ஆனது. ஆக, கலைஞர் திருப்திப்படுத்த வேண்டிய ஆள்கள் குழுச் செயலாளரும் விளம்பரதாரரும் நடுவர்களும். ஐந்தாம் நாள் சிலை கங்கைக்குப் போகிறது, பந்தல் பிரிக்கப்படுகிறது. பார்த்தவர் வீட்டுச் சுவரில் எதுவும் மிஞ்சுவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கரைவதுதான் அந்தக் கலையின் இயல்பு. ஆனால் பூஜை இருக்கிறதே என்பது சிறிய உலா வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. பூஜை ஆண்டுக்கு ஒருமுறை ஊரையே பார்வையாளராக்குகிறது. ஒரு சிறிய படத்தை 800 ரூபாய்க்கோ 2,000 ரூபாய்க்கோ வாங்கிப்போய்க் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களிடம் 'நம்ம தெருப் பையன் எழுதியது' என்று சொல்லும் ஆளை அது உருவாக்குவதில்லை. அந்த ஆள் இல்லாமல் ஒரு கலைஞர் தன் வட்டாரத்தில் குடியிருக்கலாம், பிழைக்க முடியாது.

யாருக்கும் சொந்தமில்லாமல் பொதுவெளியில் நிற்கும் கலை எவ்வளவு பாதுகாப்பற்றது என்பதற்கும் இந்த நகரம் உதாரணம் வைத்திருக்கிறது. ஷானு லாஹிரி 1980களில் இளைஞர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, கட்சிகளின் கோஷம் நிறைந்த சுவர்களில் ஓவியம் தீட்டியவர். கொல்கத்தாவின் தெருக்கலைக்கு அவரே முன்னோடி. 1987இல் ஈஸ்டர்ன் மெட்ரோபாலிட்டன் பைபாஸ் சந்திப்பில் அவர் நிறுவிய 'பரமா' சிற்பத்தால் அந்த இடத்துக்கே பரமா என்று பெயர் வந்தது. மேம்பால வேலைக்காக 2014இல் சிற்பத்தை அகற்றினார்கள். பரமா மேம்பாலம் என்று அழைக்கப்பட்டு வந்த பாலத்துக்கும் பிறகு 'மா' என்று பெயர் மாற்றியாயிற்று. சுவரோவியங்களை நான் வெறுக்கவில்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் 2015 முதல் நடக்கும் கலை உலாவில் பூக்கட்டுகிறவரும் கிளிஜோசியரும் சுவரில் ஏறியிருப்பதைப் பார்த்துத் தமிழர் மகிழ்வது இயல்பு. ஆனால் சுவரோவியத்துக்கு முன்னால் நிற்பவர் செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான்: கைபேசியை எடுப்பது. அதற்கு மேல் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

விலை எழுதினால் ஏழைகள் ஒதுங்கிவிடுவார்கள் என்று மனிதாபிமானத்தோடு கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. புடவைக் கடையில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பதில் யாருக்கும் அவமானம் கிடையாது. விலையே எழுதாத இடத்தில்தான், கேட்கலாமா, கேட்டால் நம்மை அளந்துபார்ப்பார்களோ என்ற தயக்கம் வருகிறது. காட்சிக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மக்களை நிறுத்தியது விலை அல்ல, விலையைப் பற்றிய மௌனம். கையில் காசில்லாதவர் பார்த்துவிட்டுப் போகட்டும். காளிகாட் வந்த எல்லா யாத்ரிகரும் படம் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் இருக்கிற படங்களில் ஒன்றாவது, அஞ்சலட்டை அளவு லினோகட் அச்சாகவேனும், ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்குள் கிடைக்க வேண்டும். அச்சுக்கலையில் இந்த நகரத்துக்கு இருக்கும் மரபை வைத்துப் பார்த்தால் அது கடினமான காரியமல்ல.

வாடகைப் பிரச்சினை இதைவிடக் கனமானது. கலைஞர்கள் வந்தால் காபிக்கடை வரும், காபிக்கடை வந்தால் வாடகை ஏறும், பழைய கடைக்காரர் வெளியேறுவார் என்ற பயம் உலகம் முழுவதும் இருக்கிறது, காரணத்தோடுதான் இருக்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுனைக் காட்டுவார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியல், 2012இல் புகழ்பெற்ற சுவரோவியங்கள், இன்று தெருவெங்கும் சுற்றுலாக் கூட்டம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அங்கே பழைய குடிகள் வெளியேறத் தொடங்கியது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நீக்கம் 2000இல் நடைமுறைக்கு வந்தபோது. ஓவியம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. காலியான இடத்துக்கு வண்ணம் பூசியது என்று அதைக் குறை சொல்லலாம், காலி செய்தது என்று சொல்ல முடியாது. சித்பூரில் நிலைமை வேறு. சேலாமி என்னும் முன்தொகை கொடுத்துத் தலைமுறை தலைமுறையாக மிகக் குறைந்த வாடகையில் இருக்கும் கடைகள் அவை. அவற்றுக்கு ஆபத்து ஓவியரிடமிருந்து வரப்போவதில்லை. கட்டடத்தையே இடித்து அடுக்ககம் எழுப்பும் புரோமோட்டரிடமிருந்து வரும். அத்தர் கடையும் ஜாத்ரா நாடகக் கம்பெனி அலுவலகமும் மரக்கட்டை செதுக்குகிறவரும் அந்தத் தெருவில் இருப்பதை ஊர் வந்து பார்த்துப் பழகியிருந்தால், இடிக்கும் நாளில் கேள்வி கேட்க நான்கு பேராவது இருப்பார்கள். இது உறுதியான காப்பு என்று சொல்ல மாட்டேன். வாடகைதாரர் சட்டம் செய்ய வேண்டிய வேலையைக் கலை உலாவின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை.

கடைசியாகக் கடைக்காரர். கலை உலாவைப் பற்றிய பேச்சில் அவர் எப்போதும் 'இடம் கொடுத்து உதவிய' நபராக நன்றியுரையில் வந்துபோகிறார். இது போதாது. குமார்துலியில் களிமண் சிலைகளைப் படமெடுக்க வரும் கூட்டம் வேலைக்கு இடைஞ்சலானபோது, கைவினைஞர் சங்கம் புகைப்படக்காரர்களுக்குக் கட்டணச் சீட்டு வைத்தது. பார்வைக்கும் விலை உண்டு என்று முதலில் கண்டுகொண்டவர்கள் அவர்கள். சிலர் அதைப் பேராசை என்றார்கள், எனக்கு அது தன்மானமாகத் தெரிகிறது. சித்பூரில் ஹம்தஸ்தி செய்ததில் நான் மதிப்பது, கலைஞர்கள் வார இறுதியில் வந்து படம் மாட்டிவிட்டுப் போகாமல், குடியிருப்போரோடும் கடைக்காரர்களோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் நீண்டகாலம் பழகி, அதன் பிறகே எதையும் காட்டியது. அதோடு ஒரு படி மேலே போகலாம். தன் கடையில் எந்தப் படம் தொங்க வேண்டும் என்பதைக் கடைக்காரரே தேர்ந்தெடுக்கட்டும். வாடிக்கையாளரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது காட்சிப் பொறுப்பாளருக்குத் தெரியாது. விற்றால் அவருக்கும் கமிஷன் உண்டு என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். மழைக்கால ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடித்தால் நஷ்டம் யாருடையது, சனிக்கிழமைக் கூட்டத்தில் கண்ணாடி உடைந்தால் யார் மாற்றுவது, விற்காத படத்தை எத்தனை நாளில் திருப்பி எடுப்பது ஆகியவையும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். கமிஷன் எத்தனை சதவீதம் என்று என்னைக் கேட்காதீர்கள். சித்பூரின் ரவீந்திர சரணியில் மூன்று தலைமுறையாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எந்தக் கடைக்காரரும் அதை நம்மைவிட நன்றாகப் பேசி முடிப்பார்.